சிவப்பில் சிவப்பு தெரியாது

பிப்ரவரி 11

அன்புள்ள மருமகள் குண்டூசிக்கு,

மாமா எழுதுவது. இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நீ இந்த வீட்டில் நிலைக்க மாட்டாய் என்று உனக்குப் பல் முளைக்கும்போதே சொன்னேன். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் ஏறிப் போவாய், போன இடத்தில் என் போன் நம்பரை அடைத்து வைப்பாய் என்றும் சொன்னேன். அடைத்துக்கொள். கடிதத்தை அடைக்க எந்த போனிலும் பொத்தான் கிடையாது. உலகம் முழுக்க ஒருநாள் சிவப்பு விளக்குக்கு முன்னால் வந்து உட்காரும் என்பதையும் கோழிப்பண்ணை ஆரம்பித்த அன்றே சொன்னவன் நான். அன்று சிரித்தவர்கள் இன்று என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்.

நீ அம்மாவுக்கு எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவள் கண் இப்போது எழுத்தைப் பிடிப்பதில்லை. அவளுக்குக் கண் நான்தான். நீ வேலை பார்க்கும் அழகு நிலையத்தில் பணக்காரப் பெண்கள் சிவப்பு விளக்குப் பலகைக்கு முன்னால் கண்ணை மூடிப் படுப்பார்கள், எழுந்தால் பத்து வயது குறைந்திருக்கும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

நான் சும்மா இருப்பேனா? நானும் ஒரு பலகை வாங்கிவிட்டேன். கோழிகளுக்கு நோய் வந்து பண்ணை படுத்த பிறகு முன்னறை காலியாகத்தானே கிடந்தது? வெள்ளையடித்து, ‘செவ்வொளி நலவாழ்வு நிலையம்’ என்று போர்டு மாட்டினேன். திறந்த அன்று ஊரே வந்தது. தையல்காரம்மா வந்தாள், லாரிக்காரர் வந்தார், வழி கேட்க வந்த ஒருவரும் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இந்த வெளிச்சம் தோலுக்குள் இறங்கி ஒவ்வொரு செல்லிலும் இருக்கிற சின்ன மோட்டாரைச் சுற்றிவிடுகிறது. பலகை விற்ற ஏஜென்ட் சொன்னான். அவன் சொன்னதில் இரண்டு தப்பைத் திருத்திக் கொடுத்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதுக்கு என்னைப் பார்த்துப் பயம். சிவப்பு விளக்கைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுப்பது? குஞ்சுகளுக்கு ஏன் சிவப்பு பல்ப் போடுகிறோம்? சூட்டுக்கு மட்டுமா? ஒரு குஞ்சுக்கு ரத்தம் வந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து அந்த இடத்தையே கொத்திக் கொன்றுவிடும். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் அதுகள் கண்ணுக்குத் தெரியாது. அதுபாட்டுக்கு மேயும். இதை எந்த டாக்டர் படிப்பில் சொல்லித் தருகிறார்கள்?

உன் அம்மாதான் முதல் ஆள். குதிகாலில் செருப்பு கடித்த புண். சர்க்கரை உடம்பு, ஆறத் தாமதமாகிறது. வலியே இல்லை என்கிறாள், நல்ல அறிகுறி. ஜன்னலோர நாற்காலியை அவளே பிடித்துக்கொண்டாள். ரோடும் பஸ் நிற்கும் இடமும் தெரியும், பொழுது போகும்.

லீவு கிடைக்கும் போலிருக்கிறது, வரட்டுமா என்று கேட்டிருந்தாய். அதையும் படித்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அவ வர வேணாம். போனவ போனவளாவே இருக்கட்டும். அவ மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்.” நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

இப்படிக்கு,
மாமா (நிறுவனர்)


பிப்ரவரி 24

மாமா,

குண்டூசி என்று பெயர் வைத்ததும் நீங்கள், குத்துகிறது என்று அழுவதும் நீங்கள்.

பத்து வயது குறையும் என்று நான் எழுதியது பொய். ஓடிப்போனவள் கெட்டுப்போகவில்லை என்று அம்மாவுக்குக் காட்டுவதற்காக எழுதினேன். இங்கே அந்த விளக்கைப் போட்டு அணைக்கிறவள் நான்தான், அதனால் நிஜத்தைக் கேளுங்கள். மாதக்கணக்கில் விடாமல் வந்தால் சிலருக்கு முகச் சுருக்கம் கொஞ்சம் மட்டுப்படுகிறது. சிலருக்கு முடி கொட்டுவது குறைகிறது. மூட்டு வலிக்கு இதமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. கட்டணம் கட்டிவிட்டதால் ஆனதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதிக நேரம் காட்டினால் அதிகப் பலன் என்பதும் கிடையாது. வேலை செய்வது வெளிச்சம், சூடு இல்லை. தொட்டால் வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. ஆறாத புண்ணோடு ஒருத்தி வந்தால் எங்கள் மேடம் வாசலிலேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். உங்களை மாதிரி நாற்காலி போட மாட்டார்.

சர்க்கரைக்காரர் காலில் புண் வலிக்கவில்லை என்றால் அது நல்ல அறிகுறி இல்லை. நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஒரே ஒரு காரியத்தையாவது போர்டு மாட்டாமல் செய்யுங்கள்.

அம்மா அப்படியா சொன்னாள்? சண்டை போட்ட அன்று நான்தான் கத்தினேன், “உனக்கு உன் தம்பி போதும்”னு. அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். பதிலை இப்போதுதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள் போல.

திரும்ப ஒருமுறை கேளுங்கள். கோபத்தில் சொன்னாளா என்று கேளுங்கள்.


மார்ச் 15

அன்புள்ள குண்டூசிக்கு,

நிலையம் பிய்த்துக்கொண்டு போகிறது. தையல்காரம்மாவின் முட்டி வலி பாதியாகிவிட்டது, மீதிப் பாதி இங்கே வரப் பயப்படுகிறது. லாரிக்காரர் மண்டையில் பூனை மயிர் மாதிரி ஏதோ தெரிகிறது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் தெரிகிறது.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தையல்காரம்மா எழுந்து நின்று கேட்டாள்: “என்னங்க, கரண்ட் போன இஸ்திரிப் பெட்டி மாதிரி ஜில்லுனு இருக்கு? இது வேலை செய்யுதா, இல்ல சும்மா எரியுதா?” லாரிக்காரர் இன்னும் மோசம். “எங்க வண்டி பிரேக் லைட்டே இதைவிடச் சூடா இருக்கும். பேசாம வண்டிக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கறேன்” என்றார். சிரிப்பில் வியாபாரம் போய்விடும் போலிருந்தது.

அங்கேதான் மாமாவின் மூளை. பரணில் குஞ்சு பல்புகள் கிடந்தன. சிவப்பு, நல்ல சூடு. நாற்காலிக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். இப்போது தையல்காரம்மா வியர்த்து எழுந்து, “இப்பதான் வைத்தியம் மாதிரி இருக்கு” என்கிறாள். வெளிச்சம் கம்பெனியுடையது, சூடு என்னுடையது. உங்கள் மேடத்துக்கு இது தோன்றியதா?

அக்காவைப் பார்க்க வேண்டுமே! பல்புக்கு ஒரு சாண் தள்ளிக் காலை நீட்டி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். மற்றவர்கள் சூடு தாங்காமல் காலை இழுத்துக்கொள்வார்கள். அவள் இழுக்கவே மாட்டாள், அப்படி ஒரு பொறுமை. விளக்கை அணைத்தாலும் எழுவதில்லை. கடைசி பஸ் போன பிறகுதான் உள்ளே வருவாள். அவ்வளவு பிடித்துப்போய்விட்டது வைத்தியம்.

புண்ணை நானே தினமும் குனிந்து பார்க்கிறேன். முன்பு சுற்றிலும் செக்கச்செவேல் என்று இருந்தது. இப்போது விளக்கடியில் பார்த்தால் சிவப்பு என்பதே இல்லை, வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது. பார்த்துவிட்டுச் சுத்தமான துணியால் கட்டிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். டாக்டர் வருகிற இடத்தைச் சுருக்கிவிட்டேன். நோயாளியைப் பயமுறுத்தக் கூடாது என்பது வைத்தியத்தின் முதல் விதி. நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். கையிலிருந்த டம்ளரை வீசினாள். சுவரில் பட்டு நசுங்கிவிட்டது. “எனக்கு மகளே பொறக்கலன்னு நெனச்சுக்கறேன்” என்றாள். அந்த டம்ளரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், உனக்குச் சந்தேகம் வரும் என்று தெரியும்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 22

மாமா,

பல்பைக் கழற்றுங்கள். இந்த வரியோடு நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கழற்றியிருக்க மாட்டீர்கள். சரி, மேலே படியுங்கள். மற்றவர்கள் காலை இழுத்துக்கொள்வது அவர்களுக்குச் சூடு தெரிவதால். அம்மாவின் காலுக்குத் தெரியாது. வெந்தாலும் தெரியாது. அதற்குப் பெயர் பொறுமை இல்லை.

அப்புறம், சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது. இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான், போன மாதம், உங்கள் கையெழுத்தில். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் அதுபாட்டுக்கு மேயும் என்று எழுதினீர்களே! அன்று மேய்ந்தது குஞ்சுகள், இன்று மேய்வது நீங்கள். அவளைப் பகலில் வாசலுக்குத் தூக்கிவந்து, வெயிலில் வைத்து, துணியை அவிழ்த்துப் பாருங்கள். பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நடக்காதீர்கள், ஓடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள். “பேச மாட்டேங்கறா, வையி” என்றீர்கள். பின்னால் அவள் இருமல் கேட்டது. அந்த இருமலை மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.

அவள் வாயால் ஒரு வார்த்தை வரட்டும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஏன் கூப்பிடாமலே வரக் கூடாது என்று கேட்பீர்கள். வாசலில் நான் நின்று, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்குப் பிறகு எனக்குப் போக இடமில்லை மாமா. இப்போதாவது நினைத்துக்கொள்ள ஒரு வீடு இருக்கிறது.

கேட்டு எழுதுங்கள்.


ஏப்ரல் 9

குண்டூசிக்கு,

பல்பைக் கழற்றிவிட்டேன். கை லேசாகச் சுட்டது, அதை யாரும் விசாரிக்கவில்லை.

நீ சொன்னபடி வாசலில் நாற்காலி போட்டேன். தையல்காரம்மாதான் துணியை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, கரிக்கட்டை மாதிரி இருக்கே! தினம் பாக்கறேன் பாக்கறேன்னீங்களே, எங்க பாத்தீங்க?”

அக்கா காலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “என்னடா, ஆறிடுச்சா?”

“ஆறிட்டு வருதுக்கா.”

“நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

டாக்டர் ஒரு பெண், உன் வயதுதான். இப்படி ஒரு கேஸைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று என்னிடமே சொன்னார். ஒருவிதத்தில் அதுவும் பெருமைதான். “இதை யார் பண்ணது?” என்று கேட்டார். “என் சொந்த அமைப்பு டாக்டர், வெளிச்சம் கம்பெனி, சூடு நம்மளது” என்று விளக்க ஆரம்பித்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை வெளியே போகச் சொன்னார். படித்தவர்களுக்குப் புதிய யோசனை என்றாலே ஆகாது.

காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழேதான். முழங்கால் பத்திரமாக இருக்கிறது.

பழி முழுக்க என் தலையில் கட்டாதே. பத்து வயது குறையும் என்று எழுதியது யார்? நீ எழுதியிராவிட்டால் பலகை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. உன் பெருமைக்கு நீ ஒரு பொய் சொன்னாய், அதை நம்பி நான் உழைத்தேன். கணக்குப் பார்த்தால் பாதிக் கால் உன்னுடையது.

கேட்டு எழுதச் சொன்னாய். மயக்கம் தெளிந்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னாள்: “அவ வந்து நொண்டியைப் பாக்க வேணாம். அவளுக்குச் சொல்லவே சொல்லாத.” எனக்குத்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

மாமா


ஏப்ரல் 20

மாமா,

இது உங்களுக்கு இல்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு எழுத்து கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. வாழ்நாளில் ஒருமுறை உங்களால் முடியும்.

அம்மா,

உன் தம்பி உன் காலை வேகவைத்தார். நீ பக்கத்திலேயே உட்கார்ந்து வெந்தாய். ஆறிடுச்சா என்று அவரையே கேட்டாய்.

வரட்டுமா என்று நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வேண்டாம் என்றாய். கால் போன பிறகும் உனக்கு வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். இனி கேட்க மாட்டேன். இங்கே இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பாவம் என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

உனக்கு உன் தம்பி போதும். அன்று கோபத்தில் சொன்னேன், இன்று யோசித்துச் சொல்கிறேன். அவர் ஒரு காலை முடித்துவிட்டார், இன்னொன்று மீதி இருக்கிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சுகமாக இருங்கள்.


மே 12

அன்புள்ள மருமகளுக்கு,

இதையும் நான் முன்பே சொன்னேன். காலை எடுத்தால் அக்கா தாங்க மாட்டாள் என்று அந்த டாக்டரிடமே சொன்னேன். வியாழக்கிழமை போய்விட்டாள். வெட்டின இடத்திலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். நீ இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். முடிந்துவிட்டது.

ஊரே வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது. நாற்காலி போதாமல் நிலையத்து நாற்காலிகளையும் வெளியே இழுத்துப் போட்டேன். ஜன்னலோர நாற்காலியை மட்டும் எடுக்கவில்லை. லாரிக்காரர் அதில் உட்காரப் போனார், ஒரு சத்தம் போட்டேன் பார், ஊரே திரும்பிப் பார்த்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் அதில்தான் இருந்தாள். பலகையைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று, பல்ப் இல்லை, வெறும் அறை. “இங்க எதுக்குக்கா? உள்ள வந்து படு” என்பேன். “இருக்கட்டும்டா” என்பாள். ஒவ்வொரு பஸ்ஸும் நின்று கிளம்பும்வரை கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். கண் தெரியாதே, இறங்குவது யார் என்று எப்படித் தெரியும்? நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாளாம்.

உன் கடிதங்களை நான் கொஞ்சம் இனிப்புச் சேர்த்துத்தான் படிப்பேன். லீவு கிடைக்கவில்லையாம், கிடைத்ததும் வருவாளாம், உன் காலை விசாரித்திருக்கிறாள் என்றெல்லாம் போட்டு. கடைசிக் கடிதத்தை மட்டும் நீ சொன்னபடி ஒரு எழுத்து விடாமல் படித்தேன். வேகவைத்தார் என்று எழுதியிருந்தாயே, எனக்கும் கோபம் வராதா? அவள் கேட்கட்டும், தன் மகள் எப்படிப்பட்டவள் என்று கேட்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அப்போது ஒன்றை மறந்துவிட்டேன். கோழிப்பண்ணை நடத்தினவன், ஊருக்கே யோசனை சொல்கிறவன், அதை மறந்தேன்.

படித்து முடித்ததும் அவள் கேட்டாள்: “நான் எப்படா வேணாம்னு சொன்னேன்?”

என்னை அடிக்கக் கையை ஓங்கினாள், கை பாதியிலேயே விழுந்துவிட்டது. “எழுது. நான் சொல்றேன், எழுது. வரச் சொல்லி எழுது” என்றாள். எழுதினேன். தபாலில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். போடவில்லை. போட்டிருந்தால் நீ வந்திருப்பாய். வந்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்திருப்பீர்கள். கடைசிவரை அவள் பஸ் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுதியதெல்லாம் உண்மை. கொஞ்சம் கூட்டியிருப்பேன், எல்லோரும் செய்வதுதான். டம்ளர் நசுங்கியது உண்மை, நான் மிதித்தேன். நீ வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய், இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து ஒரே ஒரு விஷயத்தை நானாகச் சேர்த்தேன். அவள் உன்னை வர வேண்டாம் என்று சொன்னது. வரட்டுமா என்று நீ கேட்டிருந்ததைப் படித்துக் காட்டிய அன்று, புண்ணையும் மறந்து எழுந்து நின்று அவள் சொன்னது இதுதான்:

“எந்த பஸ்ஸுல வர்றான்னு கேட்டு எழுதுடா.”